ஏற்றப் பிரதி

முடிவுகளின் பருவம் வந்துவிட்டால் எங்கள் மாடியில் யாரும் உரத்துத் தும்மக்கூட மாட்டார்கள். ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பகுத்தார்கள் பெரியோர். நான் பணிபுரிந்த பொருளாதார நாளிதழின் நான்காம் மாடியில் பருவங்கள் நான்கே. மூன்று திங்களுக்கு ஒருமுறை நிறுவனங்கள் தம் லாப நட்டத்தை உலகறிய வெளியிடும் நாட்கள்தாம் எங்களுக்குப் பெரும்பொழுது. அப்போது அறையின் காற்றில் ஒரு கனம் இறங்கும். தேநீர் இயந்திரம்கூட அடக்கமாகக் கொதிக்கும். மழைக்கு முன் இலைகள் நிற்பதைப் போலத் திரைகளில் எண்கள் அசையாமல் நிற்கும். பிரிவில் வாடும் தலைவி மேகத்தைப் பார்ப்பது போல என் சக ஊழியர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்செறிவார்கள். எனக்கு மட்டும் அந்த நாட்கள் மிகவும் பிடிக்கும்.

அம்மையீர், உங்கள் விசாரணைக் குழு கேட்டது பருவங்களைப் பற்றி அன்று என்பதை அறிவேன். தொழில்நுட்பப் பங்குகள் குறித்து எங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்திகளின் தரம் எத்தகையது, அதற்கு யார் பொறுப்பு என்பவையே வினாக்கள். தரத்துக்கு நானே பொறுப்பு. இதை ஒரு மகிழ்ச்சியோடுதான் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளின் செய்திகளை நீங்கள் வரவழைத்துப் படித்திருக்கிறீர்கள். அவற்றில் ஓர் ஒற்றுப் பிழை காட்டுங்கள் பார்ப்போம்.

முன்பு நான் ஒரு கல்லூரியில் பழஞ்செய்யுள் கற்பித்தேன். படிக்க ஆளில்லை என்று துறையை மூடிவிட்டார்கள். கடைசி ஆண்டில் ஒரே மாணவன். அவனும் எங்கள் அறையில் மின்விசிறி நன்றாகச் சுழல்கிறது என்பதற்காக வந்தவன். பிறகு இந்த நாளிதழில் மொழி திருத்துநர் வேலை கிடைத்தது. பங்கு என்றால் பாகம் என்ற அளவில்தான் அறிந்திருந்தேன். சேர்ந்த ஒரு வாரத்தில் எனக்குப் ‘புலவர்’ என்று பெயர் வைத்தார்கள். கேலியாகத் தொடங்கியது, வழக்காகிவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் என் இயற்பெயர் மிஞ்சியது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வெளியார் அறியமாட்டார்கள். நிறுவனத்தின் முடிவு மாலை நான்கு மணிக்கு வரும்; நான்கு மணி மூன்று நிமிடத்துக்குச் செய்தி இணையத்தில் இருந்தாக வேண்டும். மூன்று நிமிடத்தில் எவரும் எழுத இயலாது. ஆகவே முதல்நாளே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இரண்டு செய்திகள் எழுதி வைப்போம். லாபம் கூடியிருந்தால் வெளியிட ஒன்று. அதன் பெயர் ஏற்றப் பிரதி. குறைந்திருந்தால் வெளியிட மற்றொன்று. அது இறக்கப் பிரதி. எண்கள் வரவேண்டிய இடங்களைக் கோடிட்டு விட்டிருப்போம். நான்கு மணிக்கு எண்ணை இட்டு, உரியதை அனுப்பிவிட்டு, மற்றதை அழித்துவிடுவோம். பிறக்கவிருக்கும் குழந்தைக்கு இரண்டு பெயர்களை யோசித்து வைப்பது போல என்று கொள்ளுங்கள். நிருபர்கள் இரண்டையும் எழுதுவார்கள். இரண்டின் மொழியையும் செப்பனிடுவது என் வேலை.

இங்கே என் கல்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாட்டின் முதற்சொல் மங்கலமாக அமைந்தால் பாடப்பட்டவன் வாழ்வான். நச்செழுத்து விழுந்தால் நலிவான் என்பது முன்னோர் கொள்கை. அறம் வைத்து, அதாவது சாபத்தை உள்ளே ஒளித்துப் பாடினால், அரண்மனையே எரியும் என்பார்கள். இதை நான் நம்புகிறேனா என்று கேட்டால், பல் துலக்குவதை நம்புகிறேனா என்று கேட்பது போலத்தான். அது பழக்கம். ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது முதல் வரியில் ‘சரிவு’ என்ற சொல்லை வைக்க என் கை கூசியது. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்று சொன்ன இனத்தவன் நான்.

நான் சொல்லவிருக்கும் நிறுவனம் ஒரு கருவியைச் செய்தது. உள்ளங்கை அளவு. இயந்திரத்தின் மேல் ஒட்டிவைத்தால் அது இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு, பழுது வருமுன்பே சொல்லிவிடும் என்றார்கள். பச்சை விளக்கு எரிந்தால் நலம். சிவப்பு எரிந்தால் ஆளைக் கூப்பிட வேண்டும். எங்கள் மாடியில் அதற்குக் ‘காது’ என்று பெயர்; ஊரிலும் அதுவே வழங்கியது. அந்த நிறுவனத்தின் ஏற்றப் பிரதிக்கு நான் வைத்த தலைப்பு இது: ‘ஊமைப் பொறிக்கு உரை தந்தவர் உயர்ந்தார்.’ மோனையைக் கவனியுங்கள். அந்த வரிக்காக ஒரு நாள் முழுவதும் செலவிட்டேன். அதனால் இறக்கப் பிரதியைத் திருத்த நேரம் கிடைக்கவில்லை. அது நிருபர் எழுதிய கோலத்திலேயே, தலை வாராத பிள்ளை போலக் கிடந்தது.

மறுநாள் நான்கு மணிக்கு முடிவு வந்தது. லாபம் குறைந்திருந்தது. எங்கள் பொறுப்பாசிரியர் கழுத்தில் கண்ணாடி ஊசலாட என் மேசைக்கு வந்தார்.

“எது புலவரே? ஏத்தமா, எறக்கமா?”

இரண்டு பிரதிகளையும் பார்த்தேன். ஒன்று செய்யுள் போல நின்றது. மற்றொன்று சந்தைக் கூச்சல். பிறகு முடிவுத் தாளைப் பார்த்தேன். அந்த அரை நிமிடத்தில்தான் என் வாழ்க்கையின் பெரிய உண்மையைக் கண்டுகொண்டேன்: எந்த முடிவுத் தாளிலும் ஏதேனும் ஒன்று ஏறியிருக்கும். லாபம் இறங்கியிருக்கலாம், ஆனால் காது ஒட்டப்பட்ட கட்டடங்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது. அந்த எண்ணைக் கோடிட்ட இடத்தில் இட்டு, “ஏற்றம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு சொல்லும் பொய்யன்று.

மறுநாள் காலை அந்தப் பங்கு ஏறியது.

பொறுப்பாசிரியர் என் தோளைத் தட்டினார். “நீங்க எழுதினா விழுந்த பங்குகூட வெக்கப்பட்டு எந்திரிச்சு நிக்குது புலவரே. மத்த பத்திரிகைக்காரன் எல்லாம் எறங்கிடுச்சுன்னு போட்டுட்டு முழிக்கிறான்.”

நான் அடக்கமாகப் புன்னகைத்தேன். உள்ளுக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை நீங்கள் ஊகிக்கலாம். நான் வாழ்த்தினேன், அது வாழ்ந்தது. பழைய புலவர்களுக்கு ஒரு மன்னன். எனக்கு அறுபது நிறுவனங்கள்.

அதன்பின் இறக்கப் பிரதிகள் எழுதுவதை எங்கள் பிரிவு மெல்லக் கைவிட்டது. யாரும் ஆணையிடவில்லை. நிருபர்களுக்கு வேலை பாதியானது. அவர்கள் என்னை வாழ்த்தினார்கள். விழுந்த பங்கு எங்கள் பக்கத்தில் ‘இளைப்பாறியது’. நட்டம் ‘விதைப்புக் காலம்’ ஆயிற்று. ஆயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கிய நிறுவனம் ‘கிளை கழித்துத் தழைக்க நின்றது’. அந்த ஆயிரம் பேரில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “சார், நான்தாங்க அந்தக் கிளை” என்றார். நெடுநேரம் சிரித்தோம். குறைந்தபட்சம் நான் சிரித்தேன்.

என்னிடம் ஒரு பங்கும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனமும் எனக்கு ஒரு பேனாகூடத் தந்ததில்லை. என் குற்றத்தில் ஆசை இல்லை.

இனி மாப்பிள்ளையைப் பற்றி. என் தங்கையின் கணவரைத்தான் மாப்பிள்ளை என்பேன். பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மின்தூக்கி மெக்கானிக். கைகளை எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், அதைக் காட்டி, “மச்சான், உங்க கையில மை, என் கையில மசகு. ரெண்டு பேரும் கறுப்புக் கைக்காரங்கதான்” என்பார். தமிழ்ச் செய்யுளில் ஒரு வரியும் அறியாதவர். ஆனால் என் செய்தி வரும் நாளில் நாளிதழை வாங்கி, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பார். அவர் என்னைக் கேலி செய்யும்போதுதான் என் தங்கை வாய்விட்டுச் சிரிப்பாள். பதினான்கு ஆண்டுகள் இணைந்து வாழ்ந்தும் ஒருவரையொருவர் வம்புக்கிழுப்பதில் அவர்களுக்குச் சலிப்பே வந்ததில்லை.

அந்தக் குடியிருப்பின் மேலாளரும் என் வாசகர். ஊமைப் பொறிக்கு உரை தந்தவர் என்று படித்துவிட்டு, தம் கட்டடத்தின் இரண்டு மின்தூக்கிகளுக்கும் காது வாங்கி ஒட்டினார். என் செய்தியைச் சட்டமிட்டுத் தரைத்தளத்தில் மாட்டினார். அதுவரை மாப்பிள்ளை வாரந்தோறும் பிரேக்கைக் கையால் சோதிப்பார். அதற்கு அரை நாள் பிடிக்கும். குடியிருப்போர் படியேற வேண்டும், முணுமுணுப்பார்கள். காது வந்தபின் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது.

கடந்த பருவத்துக்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு, அந்த நிறுவனத்தின் சோதனைப் பொறியாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இருபத்தைந்து வயதுப் பெண். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி விளிம்பில் அமர்ந்தார்.

“சார், அந்த மெஷின் எதையும் கேக்கல. ஆளுங்கதான் கேக்குறாங்க.”

“எந்த ஆட்கள்?”

“வேற ஒரு கட்டடத்துல நாப்பது பேரு. ஹெட்ஃபோன் போட்டுட்டு உக்காந்து, சத்தம் சரியில்லன்னு தோணுச்சுன்னா செவப்பு பட்டனை அமுக்குவாங்க. மெஷின் தானா கத்துக்கும்னு சொன்னாங்க, அது கத்துக்கவே இல்ல. அந்த நாப்பது பேரும் ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிடுவாங்க சார். அந்த நேரத்துல எது உடைஞ்சாலும் பச்சைதான் எரியும்.”

நாற்பது பேர் வரிசையாக அமர்ந்து மின்தூக்கிகளின் முனகலைக் கேட்கும் காட்சி எனக்குச் சிரிப்பூட்டியது. அவர் சிரிக்கவில்லை. நான்கு பக்க அறிக்கை ஒன்றைத் தந்தார். காது கேளாமல் விட்ட பழுதுகளும், பிரேக் தேய்ந்த ஓசை பதிவாகியும் பச்சை எரிந்துகொண்டிருக்கும் பதினொரு கட்டடங்களின் முகவரிகளும் அதில் இருந்தன.

“போடுவீங்களா சார்?”

“முடிவு வரும் நாளில், இறக்கப் பிரதியோடு சேர்த்து வெளியிடுகிறேன். அதுதான் முறை.”

“ஒம்போது நாள் இருக்கே சார். அதுவரைக்கும் யாரும் லிஃப்ட்ல ஏறாம இருப்பாங்களா?”

நல்ல வினா. நான் அதைப் பாராட்டி, அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு வரவேற்பறையில் முத்திரையிட்ட தாள் வாங்கித் தந்து அனுப்பினேன்.

அறிக்கையை அன்று மாலையே படித்தேன். மொழி மிகவும் மோசம். சிவப்பு மையால் பதினேழு இடங்களில் திருத்தினேன். முகவரிப் பட்டியலில் ஏழாவதாக மாப்பிள்ளையின் கட்டடம் இருந்தது. அதன் தெருப் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது, அதையும் இட்டேன்.

உண்மையாகவே வெளியிட எண்ணினேன், அம்மையீர். நான்கு நாட்கள் இறக்கப் பிரதியின் முதல் வரியோடு மல்லுக்கு நின்றேன். பல ஆண்டுகளாக எழுதாத கை. ‘காது கேளாது’ என்று தொடங்கினால் நச்சு. ‘ஏமாற்று’ என்று தொடங்கினால் அறம் பாடுவதாகும்; ஒரு நிறுவனமே எரியும், அதை நம்பியோர் அனைவரும் எரிவார்கள். மங்கலமாகத் தொடங்கினாலோ உண்மை வரவில்லை. ஐந்தாம் நாள் தாளை வெறுமையாகவே உறையில் இட்டு, மேலே ‘இறக்கம்’ என்று அழகாக எழுதி வைத்தேன்.

ஆறாம் நாள் தங்கை வீட்டில் உணவு. அறிக்கை என் பையில், என் நாற்காலிக் காலடியில் இருந்தது. மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார்.

“மச்சான், ஒரு சந்தேகம். அந்தக் காது நெசமாவே கேக்குதா? ரெண்டு வாரமா ரெண்டாவது லிஃப்ட்ல ஒரு கீச் சத்தம். எனக்குக் கேக்குது, அதுக்குக் கேக்கல. பச்சையாவே எரியுது.”

தங்கை குறுக்கிட்டாள். “உங்களுக்கு நான் கூப்பிடுறது மட்டும் கேக்காது. லிஃப்ட் கீச்சுன்னா ஓடிடுவீங்க.”

“லிஃப்ட்டு திட்டாதுல்ல.” அவளுக்கு ஒரு தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “மேனேஜர்கிட்ட கேட்டா, ஃப்ரேமைக் காட்டுறாரு. உன் மச்சானே எழுதியிருக்காரு, அப்புறம் என்னய்யாங்குறாரு. நீங்க சொல்லுங்க மச்சான். மறுபடி கையாலயே பாக்கட்டுமா? மேனேஜர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு, ஆனா நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாரு.”

ஒரு வார்த்தைதான் கேட்டார். அப்போது என் உள்ளத்தில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். ‘பாருங்கள்’ என்று சொல்லியிருந்தால், நான் எழுதிய வரி பிழையென்று என் வாயாலேயே சொன்னதாகும். சட்டத்துக்குள் தொங்கும் அந்த வரியில் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது; அவ்வளவு நன்றாக அமைந்த வரி. என் தங்கை என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்கும் மாப்பிள்ளை” என்றேன். “நன்றாகவே கேட்கும்.”

பொய்யன்று. நாற்பது பேர் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்.

“அப்ப சரி” என்றார் அவர். “படிச்சவர் சொன்னா சரி.” அதன்பின் வேறு பேச்சு. அன்று நிறையச் சிரித்தோம்.

முடிவு நாள். மதியம் ஒன்றரை மணி இருக்கும். குடியிருப்பில் யாரோ வீடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கனத்த அலமாரியை ஏற்றிய இரண்டாவது மின்தூக்கி மூன்றாம் மாடியில் நின்றது. கதவிடுக்கு வழியே அவர்களுடைய சாவிக்கொத்து கீழே, மின்தூக்கியின் குழிக்குள் நழுவிவிட்டது. அடிக்கடி நடப்பதுதான். மாப்பிள்ளை மின்சாரத்தை நிறுத்திவிட்டு எடுக்கப் போனார். மின்சாரம் இல்லாதபோது கூண்டைத் தாங்குவது பிரேக் ஒன்றே. பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, மேலே நின்றவர்களிடம், “காது கேக்குது, பயப்படாதீங்க” என்று வேடிக்கையாகச் சொல்லியபடி இறங்கினாராம். அந்த நேரத்தில் நாற்பது பேரும் உணவு மேசையில் இருந்தார்கள்.

பத்துக் குறைய நான்குக்குத் தங்கை மருத்துவமனையிலிருந்து அழைத்தாள். என்ன நடந்தது என்பதை முழுமையாகச் சொன்னாள். நான் முழுமையாகக் கேட்டுக்கொண்டேன். “வருகிறேன் அம்மா” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். முடிவு வரப் பத்து நிமிடம் இருந்தது. என் மேசையில் இரண்டு உறைகள். ஒன்றில் வெறும் தாளும் பொறியாளரின் அறிக்கையும். மற்றொன்றில் ஏற்றப் பிரதி, மும்முறை திருத்தப்பட்டது.

நான்கு மணிக்குப் பொறுப்பாசிரியர் வந்தார். “எது புலவரே?”

“ஏற்றம்” என்றேன்.

எண்ணை இட்டேன். அனுப்பினேன். ஒருமுறை படித்துப் பார்த்தேன், பிழையில்லை. பிறகுதான் மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். மறுநாள் காலை அந்தப் பங்கு அந்த ஆண்டின் உச்சத்தைத் தொட்டது. அதைக் கண்டு நம்பி வாங்கியோர் பலர் என்று நீங்கள் பிறகு எனக்குச் சொன்னீர்கள்.

அந்தப் பெண் பொறியாளர் முத்திரையிட்ட தாளோடு உங்களிடம் வந்து முறையிடவில்லை என்றால் நாம் சந்தித்திருக்கவே மாட்டோம். நீங்கள் என் மேசையிலிருந்து எடுத்த அறிக்கையை முதல்நாள் என் முன் விரித்து, இந்தச் சிவப்பு மை யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையது என்றேன். அப்போது மூன்றாம் பக்கத்தில் நான் கவனிக்காமல் விட்ட பதினெட்டாம் பிழை கண்ணில் பட்டது. அன்று இரவு உறக்கம் வரவில்லை. அதற்கு நீங்கள் வேறு காரணம் நினைத்திருக்கலாம்.

தங்கையை நேற்று இந்தக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் பார்த்தேன். சாட்சி சொல்ல வந்திருந்தாள். “அண்ணா, அவரு உன்கிட்ட ஒரு வார்த்தைதானே கேட்டாரு” என்றாள். அவ்வளவுதான். அவள் பேச்சில் எப்போதும் ஒரு சுருக்கம் உண்டு. என்னிடம் பாடம் கேட்டிருந்தால் நல்ல வெண்பா எழுதியிருப்பாள்.

இந்த வாக்குமூலத்தில் நீங்கள் என்னை மூன்று முறை இடைமறித்து, “சுத்தி வளைக்காம, சாதாரண வார்த்தையில சொல்லுங்க” என்றீர்கள். சரி. பிரேக் தேய்ந்தது எனக்குத் தெரியும். கட்டடம் எதுவென்று தெரியும். மாப்பிள்ளை கேட்டபோது தெரிந்தே தவறாகச் சொன்னேன். கூண்டு விழுந்தது. அவர் இறந்தார். இறந்தார் என்று தெரிந்த பின்னும் அந்தச் செய்தியை அனுப்பினேன். அலங்காரமே இல்லாத வாக்கியங்கள். சுருக்கெழுத்தாளர் அப்படியே எழுதிக்கொள்ளட்டும்; கடைசி ஏட்டில் ஒப்பமிடுகிறேன்.

இப்போது அந்தி. ஒரு சிறு அனுமதி கேட்டேன், தந்தீர்கள், நன்றி. காலணிகளைக் கழற்றி நாற்காலியின் கீழ் வைக்கிறேன். சன்னலின் வெளிச்சம் விழும் இடத்தில் நின்று, கைகூப்பி, கண்மூடி, நாள்தோறும் சொல்லும் பதிகத்தை உதடசையாமல் சொல்லி முடிக்கிறேன். வரி எதுவும் மறக்கவில்லை. குரலும் நெஞ்சுக்குள் நடுங்கவில்லை. இறைவன் என் சொல்லை என்றும் கைவிட்டதில்லை.

பதிகத்தை வாழ்த்தோடு நிறைவு செய்வது மரபு. மழை பொழிக. மொழி சிறக்க. உங்கள் குழுவின் பணி நிறைவு பெறுக. என் தங்கையும் மாப்பிள்ளையும் இணைபிரியாது நூறாண்டு வாழ்க.